பூவேலை வேண்டாம், பூட்டு வேண்டும்

எங்க ஊர் கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதர் கோயில் இருக்கிற ஊர்னு சொன்னா தென்காசிப் பக்கத்து மக்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்கு, சங்கரன்கோவில்ல இருந்து ராஜபாளையம் போற பஸ்ஸில் வழியில் வரும் ஊர். போன வருஷம் எஜுகேஷன் லோன் விஷயமா சங்கரன்கோவில்ல ஒரு பேங்குக்கு நான் நாலு தடவை நடந்தேன். லோன் கதையை விடுங்க. நான் சொல்ல வந்தது, அந்த பேங்க் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்த செக்யூரிட்டி அண்ணாச்சியின் மடியில் இருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பத்தி.

நீங்களும் பாத்திருப்பீங்க. பழைய படத்துல ஜமீன்தார் வீட்டுச் சுவத்துல மாட்டியிருக்குமே, அதே சாமான். நாலாவது நாள் சாயங்காலம், பேங்க் மூடுற நேரம். அண்ணாச்சி மேலே இருந்த லீவரைக் கட்டைவிரலால் தள்ளினார். துப்பாக்கி நடுவில் மடங்கித் திறந்தது. ரெண்டு தோட்டாவையும் எடுத்துப் பையில் போட்டார். மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்குக் கை சும்மா இருக்குமா?

"அண்ணாச்சி, தொட்டுப் பாக்கலாமா?"

"தொடக்கூடாது தம்பி. கண்ணால பாத்துக்கோ."

பாத்தேன். ரெண்டு குழல், ஒரு இரும்புக் கட்டி, ஒரு மரக்கட்டை. ஒரு கோடு, ஒரு பூ கிடையாது. "என்ன அண்ணாச்சி, இவ்வளவு சிம்பிளா இருக்கு?"ன்னு கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்: "சிம்பிளா இருக்கப்போயித்தான் தம்பி இத்தன வருஷம் கழிச்சும் தெறக்கு, மூடுது."

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது துப்பாக்கிப் பெருமை பாடும் கட்டுரை இல்லை. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் இதை வைத்திருப்பது குற்றம். தேர்தல் வந்தால் லைசென்ஸ் உள்ளவர்கூட ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். நான் பேசப்போவது டிசைன் பற்றி. அதிலும் 'மலிவான' டிசைன் பற்றி. அதற்கு நல்ல பாடப்புத்தகம், நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் விவசாயிகளுக்காகச் செய்த குறைந்த விலை இரட்டைக்குழல் துப்பாக்கிகள். என் கட்சி இதுதான்: விலையைக் குறைப்பது தப்பே இல்லை. எங்கே கத்தி வைக்கிறோம் என்பதில்தான் இன்ஜினியர் தெரிவான்.

முதலில் லோடு என்னன்னு பாருங்க

'12 போர்' என்கிறார்களே, அது மில்லிமீட்டரும் இல்லை, இஞ்சும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுதான் குழலின் உள்விட்டம். நீங்களே போட்டுப் பாருங்க. 453.6 கிராமை 12-ஆல் வகுத்தால் 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி 11.34. விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர் வரும்.

தோட்டா வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தரநிர்ணயம் வைத்திருக்கும் உச்ச வரம்பு, வழக்கமான 12 போர் தோட்டாவுக்கு 11,500 பிஎஸ்ஐ. அதாவது சுமார் 79 மெகாபாஸ்கல். பரப்பளவால் பெருக்கினால், மடங்கித் திறக்கும் அந்த மூட்டைப் பின்னால் தள்ளும் விசை ரெண்டு டன்னுக்கு மேல். சுடுகிறவரின் கன்னம் அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. இதுதான் டிசைன் பிராப்ளம். இதை ஒரு விவசாயி வாங்கக்கூடிய விலைக்குச் செய்யணும். இப்போ சொல்லுங்க, எதைக் குறைப்பீங்க?

அவங்க எதைக் குறைச்சாங்க

முதல்ல போனது பூவேலை. விலை உயர்ந்த துப்பாக்கியின் இரும்பில் நாய், பறவை, கொடி, இலை எல்லாம் உளியால் செதுக்கியிருப்பார்கள். ஒரு கைவினைஞரின் பல நாள் கூலி அதில் போகும். சுடுவதற்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பிலடெல்ஃபியாவில் ஏ.எச்.ஃபாக்ஸ் என்ற கம்பெனி. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது கொண்டுபோனது அவர்கள் செய்த உயர்ரகத் துப்பாக்கி. அடுத்த வருஷமே, 1910-இல், அதே கம்பெனி 'ஸ்டெர்லிங்வொர்த்' என்று ஒரு மலிவு மாடல் விட்டது. ஆரம்பத்தில் அதன்மேல் ஃபாக்ஸ் என்ற பெயரைப் போடக்கூட அவர்களுக்குக் கூச்சம். ஆனால் உள்ளே இருந்த மெக்கானிசம், உயர்ரகத்தில் இருந்த அதே மெக்கானிசம். கனெக்டிகட்டின் பார்க்கர் கம்பெனியும் 1910-களில் 'ட்ரோஜன்' என்று ஒன்று விட்டது. அதுவும் அப்படித்தான்: செதுக்கு வேலை கிடையாது, கிடைக்கும் சைஸ்கள் கொஞ்சம், ஆனால் பார்க்கர் பார்க்கர்தான்.

அடுத்து போனது எஜெக்டர். சுட்ட தோட்டாவை மட்டும் தானாக வெளியே எறியும் ஏற்பாடு அது. அதற்கு முன்கட்டைக்குள் இன்னொரு சின்ன சுத்தியும் ஸ்பிரிங்கும் வேண்டும். சரியான நொடியில் அடிக்கும்படி கையால் ஃபிட் பண்ண வேண்டும். மலிவு மாடலில் வெறும் எக்ஸ்ட்ராக்டர். திறந்தால் ரெண்டு தோட்டாவும் கொஞ்சம் மேலே எழும்பும். மிச்சத்தை விரலால் எடுத்துக்கொள்ளலாம். அண்ணாச்சி செய்தது அதுதான்.

மூணாவது, ஒற்றை விசை. ரெண்டு குழலையும் ஒரே விசையால் அடுத்தடுத்துச் சுடுவது கேட்க ஸ்டைலாக இருக்கும். ஆனால் முதல் வெடியின் உதையில் விரல் தன்னையறியாமல் மறுபடி அமுங்கும், ரெண்டாவதும் போய்விடும். அதைத் தடுக்கத் தனி மெக்கானிசம் வேண்டும். மலிவு மாடலில் குழலுக்கு ஒரு விசை. கவனிங்க, இங்கே விலை குறைந்தபோது நம்பகம் கூடிவிட்டது. ஒரு பக்கத்து ஸ்பிரிங் உடைந்தாலும் மறுபக்கம் வேலை செய்யும். நாம் ரிடண்டன்ஸி என்று செமினார் எடுக்கிறோமே, அது இலவசமாகக் கிடைத்துவிட்டது.

நாலாவது, மரம். அலை அலையாக ரேகை ஓடும் வால்நட் கட்டைக்கு விலை அதிகம். மலிவு மாடலுக்கு நேர் ரேகை ஓடும் சாதா மரம். ஆனால் கை பிடிக்கும் மெலிந்த இடத்தில் நேர் ரேகைதான் பலம். சுருள் ரேகை அங்கே உடையும். நம்ம ஊர் ஆசாரிகிட்ட மண்வெட்டிக் காம்பு பற்றிக் கேட்டால் இதையேதான் சொல்வார்.

அவங்க எதைத் தொடலை

இப்போதான் முக்கியமான இடம். பூட்டு. தமிழில் இந்த வார்த்தை ரெண்டு விதத்திலும் பொருந்துகிறது: குழலை மூடிப் பூட்டும் போல்ட்டும் பூட்டுதான், சுத்தியும் ஸ்பிரிங்கும் சேர்ந்த வெடிக்கும் அமைப்பையும் ஆங்கிலத்தில் 'லாக்' என்றுதான் சொல்கிறார்கள்.

1875-இல் பர்மிங்ஹாமில் ஆன்சன், டீலி என்ற இருவர் ஒரு வடிவத்துக்கு பேட்டன்ட் எடுத்தார்கள். அதற்கு முன் வழக்கமாகப் பூட்டு பக்கவாட்டுத் தகட்டில் இருக்கும். அதை உட்கார வைக்க மரத்தை ரெண்டு பக்கமும் குடைய வேண்டும். இவர்கள் எல்லாவற்றையும் நடு இரும்புக் கட்டிக்குள் அடக்கினார்கள். இதுதான் பாக்ஸ்லாக். பாகங்கள் குறைவு. மரத்தைக் குடைவதும் குறைவு, அதனால் கட்டையும் பலம். இன்னொரு அழகு, குழலை மடக்கித் திறக்கும் அசைவே உள்ளே சுத்திகளைப் பின்னால் இழுத்துத் தயார் செய்துவிடும். எப்படியும் செய்தாக வேண்டிய வேலையிலிருந்து தேவையான சக்தியை எடுத்துக்கொள்கிற டிசைன்.

அமெரிக்கர்கள் இதை இன்னும் எளிமையாக்கினார்கள். பழைய துப்பாக்கியில் வி வடிவத் தட்டை ஸ்பிரிங். அதைக் கையால் அடித்து, ராவி, பதம் வைக்க வேண்டும். வளைவில் ஸ்ட்ரெஸ் குவிந்து அங்கேயே உடையும். ஃபாக்ஸ் அந்த இடத்தில் காயில் ஸ்பிரிங் வைத்தார். சுத்தியும் ஃபயரிங் பின்னும் ஒரே துண்டு. இத்தாகா கம்பெனி 1921-இல் விட்ட 'லெஃபீவர் நைட்ரோ ஸ்பெஷல்', பிறகு ஸ்டீவன்ஸ் கம்பெனியின் '311' எல்லாம் காயில் ஸ்பிரிங்தான். மெஷினில் சுற்றலாம், ஒன்று போல இன்னொன்று வரும், மாற்றுவதும் சுலபம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபாக்ஸின் சுழல் போல்ட். அது டேப்பராகக் கடையப்பட்டது. பல வருஷம் திறந்து மூடித் தேய்மானம் வந்தால், போல்ட் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுழன்று உட்காரும், பிடி தளராது. புதுத் துப்பாக்கியில் மேல் லீவர் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் நிற்கும். தேயத் தேய நடுவை நோக்கி வரும். அதாவது லீவர் நிற்கும் இடத்தைப் பார்த்தே உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லலாம். சென்சார் இல்லை, டிஸ்பிளே இல்லை. அந்தக் காலத்து கண்டிஷன் மானிட்டரிங்.

இன்னொன்று, கேஸ் ஹார்டனிங். கார்பன் குறைந்த ஸ்டீலை எலும்புக்கரி, மரக்கரியோடு பெட்டியில் அடைத்து, சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போடுவார்கள். மேல்தோல் கண்ணாடி மாதிரி கடினம், உள்ளே வளைந்து தாங்கும் பதம். அந்த வேலையில் நீலமும் பழுப்புமாக ஒரு மேகவண்ணம் மேலே படியும். பூவேலை இல்லாத மலிவுத் துப்பாக்கிக்கு இருந்த ஒரே அலங்காரம் அதுதான். தேய்மானத்துக்காகச் செய்த வேலை, அழகு கூடவே வந்தது.

தப்பாக் குறைச்சதும் உண்டு

மலிவுன்னாலே மகான்கள் என்று நான் சொல்லவில்லை. பாக்ஸ்லாக்கின் சேஃப்டி பட்டன் பெரும்பாலும் விசையை மட்டும்தான் தடுக்கும், சுத்தியைத் தடுக்காது. கீழே விழுந்த அதிர்ச்சியில் சுத்தி நழுவினால் வெடிக்கும். விலை உயர்ந்த சைட்லாக்கில் அப்படி நழுவும் சுத்தியைப் பிடிக்க இன்னொரு கொக்கி இருக்கும். மலிவு மாடலில் அது போய்விட்டது. எனக்கு இது சரியான வெட்டாகப் படவில்லை.

அதைவிட மோசம், 'ஹார்டுவேர் துப்பாக்கி' என்று ஒரு ரகம். கனெக்டிகட்டின் கிரெசன்ட் மாதிரியான கம்பெனிகள் மொத்தமாகச் செய்து கொடுக்க, கடைக்கு ஒரு பெயர் போட்டு விற்றார்கள். பல பழைய மலிவுத் துப்பாக்கிகளின் குழல், இரும்பும் ஸ்டீலும் கலந்த பட்டையை ஒரு கம்பியைச் சுற்றி முறுக்கி, அடித்து ஒட்டவைத்தது. கருமருந்துக் காலத்துக்கு அது தாங்கியது. புகையில்லா மருந்துத் தோட்டா வந்த பிறகும் அவை வீடுகளில் கிடந்தன. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான். அதனால்தான் இன்றைக்கும் முறுக்குக் குழல் துப்பாக்கியில் புதுத் தோட்டா போடாதே என்று எச்சரிக்கிறார்கள். ஸ்டீவன்ஸ் 1940-களில் மரத்துக்குப் பதில் டெனைட் என்ற பிளாஸ்டிக்கில் கட்டை போட்டுப் பார்த்தது. பல கட்டைகள் நெளிந்தன, விரிசல் விட்டன.

ஆக, மலிவில் ரெண்டு ஜாதி. ஒன்று, வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவதைக் குறைத்து, தெரியாததைக் காப்பாற்றியது. இன்னொன்று, கண்ணுக்குத் தெரிவதை வைத்துக்கொண்டு, தெரியாததைக் குறைத்தது. ஸ்டெர்லிங்வொர்த் முதல் ஜாதி. கடைசியில் கன்னத்துப் பக்கம் பிளந்ததெல்லாம் ரெண்டாவது.

நம்ம நாட்டுக்கும் இதில் பழைய கணக்கு உண்டு. 1760-களில் வங்காள நவாப் மீர் காசிம் தலைநகரை பீகாரின் முங்கேருக்கு மாற்றி அங்கே ஆயுதப் பட்டறை வைத்தார். அந்தத் தொழில் அங்கேயே தங்கி, பிறகு லைசென்ஸ் பெற்ற பட்டறைகளில் ஒற்றை, இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கிகளாக வந்தது. நம்ம பேங்க் வாசல்களில் நிற்பது அந்த மாதிரி உள்நாட்டுச் சாமான்தான்: அதே பாக்ஸ்லாக் குடும்பம், அதே ரெண்டு விசை, அதே பூவில்லாத இரும்பு.

இப்போ நம்ம கதை

எங்க சித்தப்பாவுக்கு வலதுகையில் மூணு விரல்தான். மக்காச்சோளம் அடிக்கிற மெஷின் எடுத்துக்கொண்டது. பேர் சொல்லாத ஒரு பட்டறையில் விலை குறைவு என்று வாங்கியது. பச்சை பெயின்ட், முன்னால் சாமி ஸ்டிக்கர், ரெண்டு பக்கமும் மஞ்சள் கோடு. கதிரைத் தள்ளும் தொட்டி மட்டும் ஒரு சாண் நீளம். பவர் த்ரெஷருக்கான இந்தியத் தரவிதி, ஐ.எஸ். 9020, அந்தத் தொட்டி குறைந்தது 900 மில்லிமீட்டர் இருக்கணும், அதில் 450 மில்லிமீட்டர் மேலே மூடியிருக்கணும் என்கிறது. காரணம் ரொம்ப சிம்பிள்: கை எட்டக்கூடாது. இந்த மெஷின்களுக்காகவே 1983-இல் அபாயகரமான இயந்திரங்கள் சட்டமே வந்தது. சட்டம் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு. மிச்சம் பிடித்தது ரெண்டடித் தகரம்.

இதைத் தெரிந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? மூணாம் வருஷ மினி புராஜெக்டில் எங்க டீம் செய்தது 'லோ காஸ்ட் நிலக்கடலை உடைக்கும் மெஷின்'. பட்ஜெட் இடித்தது. பெல்ட்டுக்கு மேலே போட வேண்டிய மூடியை விட்டுவிட்டோம்; 650 ரூபாய் மிச்சம். பவுடர் கோட்டிங்குக்கும் எங்க நாலு பேர் பெயர் பொறித்த அக்ரிலிக் பலகைக்கும் 1,400 ரூபாய் கொடுத்தோம். ரிவ்யூவில் யாரும் கேட்கவில்லை. மார்க் நல்லா வந்தது. ஊருக்குக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டினோம். சித்தப்பா கொஞ்ச நேரம் சுத்தி வந்து பார்த்தார்.

"பேரெல்லாம் நல்லாத்தாம்ல போட்டிருக்கீய. பெல்ட்டுக்கு மூடி எங்கல?"

அந்தக் கையாலேயே பெல்ட்டைக் காட்டித்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நாங்க செய்தது ஹார்டுவேர் துப்பாக்கி. பூவேலைக்குக் காசு போட்டு, பூட்டை எடுத்தோம்.

நம்ம காலேஜ் நோட்டீஸ் போர்டைப் பாருங்க. புராஜெக்ட் தலைப்புகளில் எத்தனை 'லோ காஸ்ட்' என்று ஆரம்பிக்கிறது! அந்த வார்த்தை நம் ஊர்களுக்கு வேணும். நம்ம வீட்டு ஆளுங்க வாங்கும் விலையில் சாமான் செய்ய நாம் இல்லாமல் வேற யார்? ஆனால் குறைந்த விலைக்கு வாங்குபவருக்கு அடுத்த மெஷின் வாங்கக் காசு இருக்காது. விரல் போனால் அடுத்த விரலும் கிடையாது. அவருக்குத்தான் பூட்டு கெட்டியாக இருக்கணும்.

'மூடி போட்டா விலை ஏறும், அப்புறம் யாரும் வாங்க மாட்டாங்க' என்று ஒரு வாதம் வரும். பட்டறைக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்; அதில் உண்மையும் இருக்கிறது. அதற்குப் பதில் அந்த அமெரிக்க விவசாயியின் துப்பாக்கியிலேயே இருக்கிறது. ஸ்டெர்லிங்வொர்த் பூட்டுக்கான காசை வாங்குபவரிடம் கூடுதலாகக் கேட்கவில்லை. செதுக்கு வேலையிலிருந்தும் எஜெக்டரிலிருந்தும் எடுத்தது. எஜெக்டர் வேணும்னா தனிக் காசு கொடு என்றது. பூட்டு வேண்டுமா என்று மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. அது ஆப்ஷன் லிஸ்டிலேயே இல்லை.

அதனால் உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த ரிவ்யூவுக்குப் போகும் முன் ஒரு தாளில் ரெண்டு பத்தி போடுங்க. ஒரு பக்கம் 'இதை எடுத்தால் அழகு போகும், வசதி போகும்'. மறுபக்கம் 'இதை எடுத்தால் ஆள் போகும்'. பட்ஜெட் இடிக்கும்போது முதல் பத்தியில் மட்டும் கத்தி வையுங்க. கைடு கேட்கவில்லை என்றாலும் பரவாயில்லை, ரிப்போர்ட்டில் அந்தத் தாளைச் சேருங்க.

எங்க மெஷினுக்கு இப்போ மூடி போட்டாச்சு. பெயர்ப் பலகையைக் கழற்றி, அந்த இடத்தில் ஸ்குரூ அடித்தோம். சித்தப்பா இன்னும் பாஸ் மார்க் போடலை. "ஒரு சீசன் ஓடட்டும், பாப்பம்"ங்கிறார். அதுவும் நியாயம்தான்.